மரியகுழந்தை பார்த்த பனி

மரியகுழந்தையைப் பனி தேசத்துக்கு அழைத்துப் போனது தாங்கள்தான் என்று அவள் பிள்ளை பார்த்துக்கொள்ளும் வீட்டு மனோகரும் மமதாவும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். டிக்கெட் எடுத்தது அவர்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவளை உடுத்தி அனுப்பியது மாரிகுப்பத்திலிருந்து காலையில் பெங்களூருக்குக் கிளம்பும் ரயிலின் லேடீஸ் பெட்டி. ஒருத்தி கம்பளித் தொப்பி கொடுத்தாள், ஒருத்தி காலுறை கொடுத்தாள். நான் என் மெரூன் ஸ்வெட்டரைக் கொடுத்தேன். மனசில்லாமல்தான் கொடுத்தேன். எனக்குப் பொறாமை. ஒயிட்ஃபீல்டில் ஆஸ்பத்திரித் தரை துடைக்கிற இந்த சரோஜம்மாவை யார் பின்லாந்துக்கு அழைத்துப் போகப் போகிறார்கள்?

பாஸ்போர்ட் விசாரணைக்கு போலீஸ்காரர் வந்த அன்று எங்கள் லைன் வீட்டுச் சனமே வாசலில் நின்றது. மாதா கோவிலில் அவள் பேரைச் சொல்லிப் பூசை வைத்தார்கள். "புள்ளையோட அம்மா அப்பா நாய் வண்டி ஓட்டிகினு பனியில சுத்துவாங்களாம், நான் புள்ளையப் பாத்துகினு ரூம்ல இருக்கணும், அவ்ளோதான்க்கா," என்று அவள் சும்மா சொல்லிக்கொண்டாள். முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. ராணி மாதிரிதான் போனாள்.

அவளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மரியகுழந்தையின் அப்பா கோலார் தங்கவயலில் மைசூர் மைன்ஸ் சுரங்கத்தில் ஷிஃப்டுக்கு இறங்கியவர். அவள் பிறந்து வளர்ந்ததெல்லாம் மாரிகுப்பத்தில் சுரங்கக்காரர்களுக்காகக் கட்டிய லைன் வீட்டில். புருஷன் எட்மண்ட் ஆண்டர்சன்பேட்டையில் பைக் மெக்கானிக். நல்ல மனுஷன், வாயைத் திறக்க மாட்டான். பிள்ளை பிறக்கவில்லை. அதைப் பற்றி அவளும் பேச மாட்டாள், நாங்களும் கேட்க மாட்டோம். முதலில் ஒயிட்ஃபீல்ட் பக்கம் ஒரு கார்மெண்ட்ஸில் வேலை செய்யும் பெண்களின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொண்டாள். அப்புறம் மனோகர் வீட்டில் விநாயக் பிறந்ததும் அங்கே போய்விட்டாள். அந்த வீட்டில் அவளுக்கு மேரி என்று பெயர். முழுப் பெயர் அவர்கள் நாக்குக்கு நீளமாம்.

எந்தப் பிள்ளை அழுதாலும் அவள் இடுப்புக்குப் போனால் வாயை மூடிவிடும். ரயிலில் யார் பிள்ளை அடம் பிடித்தாலும் கடைசியில் அவள் மடிக்குத்தான் போய்ச் சேரும். அவளுக்கு ஒரே ஒரு பெருமை உண்டு. "இந்தக் கை ஒரு புள்ள மேல பட்டதில்லக்கா" என்று எப்போது பார்த்தாலும் சொல்வாள். நான் என் மகன் பாபுவை விளக்குமாறும் கையுமாக வளர்த்தவள். அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். மனோகர் வீட்டில் அவளை வைத்துக்கொண்டதே அந்தக் கைக்காகத்தான்.

பொங்கலுக்கு முந்தின வாரம் திரும்பி வந்தாள். பெட்டி முழுக்க சாக்லேட் கொடுத்தாள். கலைமான் பார்த்தேன், நாய் வண்டியில் போனேன், வானத்தில் பச்சையாக வெளிச்சம் ஓடியது என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னாள். ஆனால் கேட்டால்தான் சொன்னாள். போட்டோவை நாங்கள்தான் போனைப் பிடுங்கிப் பார்த்தோம். மரியகுழந்தைக்கு ஒரு சேதி கிடைத்தால் பங்காருப்பேட்டை ஸ்டேஷன் வருவதற்குள் ரயிலுக்கே தெரிந்துவிடும். அவள் இப்படி உட்கார்ந்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஒரு நாள் பங்காருப்பேட்டையில் வண்டியை வழக்கம்போல நிறுத்திப் போட்டிருந்தார்கள். பக்கத்தில் ஆள் இல்லை.

"இன்னாடி, பனியில நாக்கும் ஒறைஞ்சு பூட்சா?" என்றேன்.

பின் சீட்டை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டாள். பிறகு, "யக்கா, நான் புள்ளைய அடிச்சிட்டேன்," என்றாள்.

இதைப் புரிந்துகொள்ள எங்கள் ஊரின் மேடுகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். தங்கத்தைப் பிரித்தெடுத்தபிறகு மிஞ்சிய தூள், கொட்டிக் கொட்டி வெளுப்பாக மலை மலையாக நிற்கிறது. சயனைடு மேடு என்போம். சுரங்கத்தை மூடினாலும் அவை போகவில்லை. ஆடிக் காற்றில் அந்தத் தூள் கிளம்பினால் சோற்றுப் பானையை மூடு, ஜன்னலில் ஈரத்துணி போடு, கொடியில் காய்வதை எடு என்று ஒரே ஓட்டமாக இருக்கும். பிள்ளைகளுக்கு அந்தச் சரிவில் அட்டை போட்டுச் சறுக்காமல் இருக்க முடியாது. அதில் ஒன்று தூளை வாயில் வைத்துவிட்டால் எங்கள் ஊர்த் தாய்மாருக்கு ஒரே முறைதான்: முதலில் அறை, அடுத்து வாய் கொப்பளிப்பு, அதற்குப் பிறகுதான் விசாரணை. மரியகுழந்தையின் தம்பி டைட்டஸ் சின்ன வயதில் ஒரு கைப்பிடி தின்றுவிட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தவன். அவள் அம்மா அடித்த அறையை அவளும் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள்.

அவள் அடித்த அன்றைக்கு எல்லோரும் நாய்கள் இழுக்கிற வண்டியில் போனார்களாம். மனோகரும் மமதாவும் ஒரு வண்டியைத் தாங்களே ஓட்டிக்கொண்டு முன்னால் போய்விட்டார்கள். வழிகாட்டிப் பெண் ஓட்டிய வண்டியில் இவளும் விநாயக்கும். அந்த ஊரில் அந்த மாதத்தில் சூரியனே எழும்பாது. நடுப்பகலில் நம் ஊர் சாயங்காலம் மாதிரி ஒரு வெளிச்சம் வந்துவிட்டுப் போகும். உறைந்த ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தினார்கள். வழிகாட்டிப் பெண் நாய்களுக்குப் பக்கமாகக் குனிந்து கயிற்றைச் சரி பண்ணிக்கொண்டிருந்தாள். விநாயக்கின் மூக்கைத் துடைக்க இவள் கையுறையைக் கழற்றினாள். அப்போது காற்று அடித்தது. கரை மேட்டிலிருந்து வெள்ளையாகத் தூள் கிளம்பி முகத்தில் வந்து விழுந்தது.

"நம்ம மேடேதான்க்கா. அதே கலரு, அதே சரிவு. திரும்பிப் பாக்கறேன், புள்ள கைநெறைய அள்ளி வாயில போட்டுகினு கீறான்."

அறைந்துவிட்டாள். கல்யாண மோதிரம் போட்ட கை. பிள்ளை பனியில் விழுந்தான். அவன் வாய்க்குள் விரலை விட்டுத் தோண்டியிருக்கிறாள். விரலில் வந்தது வெறும் தண்ணீர். அப்போதுதான் தான் எங்கே நிற்கிறோம் என்பது அவளுக்கு உறைத்திருக்கிறது.

நான் சிரித்தேன். "இதுக்கா இவ்ளோ? நானா இருந்தா ரெண்டு வெச்சிருப்பேன். நம்மூர்ல எவளா இருந்தாலும் வெச்சிருப்பா."

"அடிச்சதுக்கு எங்கம்மாவே வந்து சாட்சி சொல்லும்க்கா," என்றாள். "அப்பால நான் பண்ணதைக் கேளு."

அந்த நாட்டில் இறங்கிய அன்றே மனோகர் சொல்லியிருந்தாராம், இங்கே பிள்ளை மேல் கை வைத்தால் குற்றம், போலீஸ் வரும் என்று. பேச்சோடு பேச்சாகச் சொன்னதுதான். பிள்ளையின் கன்னத்தில் மோதிரம் கிழித்து ரத்தம் கசிந்தது. அழுகை கேட்டு வழிகாட்டிப் பெண் ஓடி வந்தாள். முன்னால் போன வண்டியும் திரும்பி வந்தது. பாஷை தெரியாத ஊர், போலீஸ், எட்மண்ட், எங்கள் லைன், கோவிலில் வைத்த பூசை எல்லாம் ஒன்றாக அவள் தலைக்குள் ஓடியிருக்கிறது.

"விழுந்துட்டான் மேடம். வண்டிக் கம்பி கிழிச்சிடுச்சு," என்று சொல்லிவிட்டாள்.

அவர்கள் வீட்டில் பேசுவது கன்னடம். நான் இவள் எனக்குச் சொன்னபடி எழுதுகிறேன்.

"மேரி ஆன்ட்டி அடிச்சாங்க," என்றான் விநாயக்.

மனோகர் அவன் முன்னால் மண்டி போட்டார். கோபப்படவே இல்லை. மெதுவாகத்தான் சொன்னார். "விநாயக், பொய் சொல்லக் கூடாது. மேரி ஆன்ட்டி உன்னை என்னிக்காவது அடிச்சிருக்காங்களா?"

"இப்ப அடிச்சாங்க."

"நீ பனி தின்னதுக்குத் திட்டியிருப்பாங்க. அதுக்காக அவங்க மேல பழி போடலாமா? பாவம், உனக்காகவே இவ்வளவு தூரம் வந்திருக்காங்க. ஆன்ட்டிக்கு ஸாரி சொல்லு."

பிள்ளை மாட்டேன் என்றான். மமதாவும் அதட்டினாள். ஸாரி சொல்கிற வரைக்கும் வண்டி கிளம்பாது என்றார்கள். அவன் அப்பாவைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், கடைசியில் இவளைப் பார்த்தான். இவள் ஏதாவது சொல்வாள் என்று பார்த்தான்.

"ஸாரி, மேரி ஆன்ட்டி."

"நான் இன்னா சொன்னேன் தெரியுமாக்கா? 'பரவால்ல கண்ணு'ன்னேன்."

இதைச் சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் அவளை அழுது பார்த்திருக்கிறேன், அவள் அப்பா செத்தபோது. இது அப்படி இல்லை. அவமானத்தில் ஒடுங்கிப் போயிருந்தாள். அன்று சாயங்காலம்தான் வானத்தில் பச்சை வெளிச்சம் வந்ததாம். எல்லோரும் வெளியே ஓடி வந்து அண்ணாந்து பார்த்தார்கள். நாங்கள் பிடுங்கிப் பார்த்த போட்டோ அதுதான். அதில் இவளுக்கும் விநாயக்குக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கிற இடம் காலியாக இருந்ததை நான் கவனிக்கவில்லை. அதுவரை போட்டோ என்றால் அவன் இவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பான்.

நான் கெட்ட புத்திதான் சொன்னேன். மறைக்க மாட்டேன். "சின்னப் பையன், மறந்துடுவான். வாயைத் தெறக்காதே. இந்த மாதிரி வீடு ஒனக்கு அப்பால கெடைக்காது," என்றேன். அப்போது எனக்கு அது அக்கறையாகத்தான் தெரிந்தது.

"ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டேன்க்கா. ஜெபம் குடுத்தாரு, சொல்லி முடிச்சிட்டேன். என் பாவம் போயிருக்கும். ஆனா அந்தப் புள்ள இன்னும் அந்த வீட்ல பொய்காரனாத்தானே கீறான்?"

நல்ல வேளை, வண்டி கிளம்பியது.

அப்புறம் ஒரு மாதத்துக்கு மேல் ஓடியது. தினமும் வேலைக்குப் போனாள், வந்தாள். பிள்ளை எப்படி இருக்கிறான் என்று கேட்டால், "சொன்னதெல்லாம் கேக்கறான்," என்பாள். அந்தப் பதிலே ஒரு மாதிரி இருந்தது. விநாயக் சொன்னதைக் கேட்கிற பிள்ளை இல்லை. இவள் கையிலிருந்து நழுவி ஓடுகிற கதைகளைத்தான் இதுவரை நாங்கள் கேட்டிருக்கிறோம். இப்போது ஊட்டினால் தின்கிறானாம், படு என்றால் படுக்கிறானாம். இவள் கையைத் தூக்கித் தலைமுடியை ஒதுக்கினால் கண்ணை மூடிக்கொள்கிறானாம்.

தவக்காலம் தொடங்கிய வாரம். சாயங்கால ரயிலில் என் எதிரே வந்து உட்கார்ந்தாள். மடியில் ஒரு பை. அதில் அந்த வீட்டில் வைத்திருந்த அவளுடைய டிபன் டப்பா, மாற்றுப் புடவை, ஜெபமாலை. வேலை போய்விட்டது என்று பார்த்ததுமே தெரிந்தது.

மமதாவின் தங்கை சுனிதா மைசூரிலிருந்து வந்திருக்கிறாள். பிள்ளையை மடியில் வைத்துக் கொஞ்சும்போது கன்னத்தில் மெல்லிசாகக் கோடு தெரிந்ததாம். இது என்னடா கண்ணா என்று கேட்டிருக்கிறாள். இவள் அங்கேதான் பழம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

விநாயக் இவளைத் திரும்பிப் பார்த்தான். பார்த்துவிட்டு, "நான் விழுந்துட்டேன். வண்டிக் கம்பி கிழிச்சிடுச்சு," என்றான். இவள் சொன்ன அதே வார்த்தைகள், அப்படியே.

மமதா சிரித்துக்கொண்டே தங்கையிடம் சொன்னாளாம்: "பாத்தியா, மொதல்ல என்னென்னமோ கதை சொன்னான். இப்ப நெஜத்தைச் சொல்லக் கத்துக்கிட்டான்."

"கத்தியக் கீழ வெச்சிட்டேன்க்கா. போய் அவன் முன்னால முட்டி போட்டேன். 'இல்ல கண்ணு, நீ வுழல. ஆன்ட்டிதான் அடிச்சேன். நீ சொன்னதுதான் நெஜம், நான் சொன்னது பொய்'னு எல்லார் எதிர்லயும் சொல்லிட்டேன்."

முதலில் யாருக்கும் விளங்கவில்லை. விளங்கியதும் மமதா ஏன் ஏன் என்று கேட்டிருக்கிறாள். இவள் மேட்டைச் சொன்னாள், ஆடிக் காற்றைச் சொன்னாள், டைட்டஸைச் சொன்னாள். அவர்களுக்குக் கோலார் என்றால் தங்கம் தெரியும். தூளைப் பற்றி யார் சொல்லியிருக்கப் போகிறார்கள்? அதுகூட மமதாவுக்குப் பெரிதாகப் படவில்லை. "அடிச்சதை விடு மேரி. என் பிள்ளை உண்மையச் சொன்னான், நான் அவனைப் பொய்காரன்னு திட்டினேன். உன்னை நம்பித் திட்டினேன்," என்று அழுதாளாம். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றாளாம்.

எனக்கு மமதா மேல் ஆத்திரம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. வாயைத் திறக்காதே என்று நான் கொடுத்த புத்திதான் ஞாபகத்துக்கு வந்தது.

"பையன் இன்னா சொன்னான்?" என்று கேட்டேன்.

மரியகுழந்தை பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"கதவு வரைக்கும் வந்தான்க்கா. ரொம்ப யோசனை பண்ணிகினே வந்தான். 'அப்ப நான் அன்னிக்கு சொன்ன ஸாரியைத் திருப்பிக் குடு'ன்னு ரெண்டு கையையும் நீட்டினான்."

"நீ இன்னா பண்ண?"

"குடுத்துட்டேன். 'ஸாரி விநாயக்'னு சொல்லி, அவன் கையில வெச்சு மூடினேன். எண்ணிப் பாக்கற மாதிரி கையைத் தெறந்து பாத்தான். அப்பால உள்ள போயிட்டான்."