நிலைக்கு அப்புறம் கதவு

…அதைத்தான் உன் மாமியாரும் கடைத்தெருவுல கேட்டாளாம். "இந்தப் பொட்டி வீட்டுக்கு அரண்மனை மாதிரி வாசல் நிலை எதுக்கு? எங்கேயாச்சும் பேத்துட்டு வந்துட்டாங்களோ?"ன்னு. பேத்துட்டு வரலைன்னு சொல்லு அவகிட்ட. நான் செஞ்சது. சிரிக்காதே, நாலு கட்டையும் இந்தக் கை இழைச்சதுதான். உக்காரு. அந்த அரிசி முறத்தை உள்ள வச்சிட்டு இப்படி வா.

எங்க வீட்டுக்காரரு நல்ல ஆசாரி. டவுன்ல மரக்கடைப் பக்கம் ஒரு வாள்பட்டறையில வேலை. ஸ்ரீரங்கத்துலேருந்து சைக்கிள்ல போவாரு, காதுல பென்சில் இருக்கும். தூங்கும்போதும் இருக்கும்னு வச்சுக்கோயேன். கரண்டு வாள் புதுசா வந்திருந்த நேரம். வலது கை மணிக்கட்டோட போயிடுச்சு. ஆஸ்பத்திரியிலேருந்து வந்தவரு சுவரைப் பாத்துப் படுத்தாரு. சாப்பாடு ஊட்டப் போனா வாயைத் திறக்க மாட்டாரு. என் மாமியா அழும், நான் அழுவேன், ரெண்டு பேரும் யாரு முதல்ல உலை வைக்கிறதுன்னு சண்டையும் போட்டுக்குவோம்.

ஒரு நாள் கொல்லையில மணை ஒண்ணு கால் ஆடுதுன்னு நான் உளியை எடுத்துத் தட்டினேன். உள்ளேருந்து குரல் வருது. "ஏ புள்ள, உளியை அப்படியா பிடிப்பாங்க? மரம் கத்துது பாரு." எத்தனையோ நாள் கழிச்சு அவரு பேசுன பேச்சு அது. எனக்கு மணை மறந்துபோச்சு. வேணும்னே இன்னொரு தட்டு தப்பாத் தட்டினேன். எந்திரிச்சு வந்துட்டாரு!

அப்படி ஆரம்பிச்சதும்மா என் பாடம். இழைப்புளிக்கு ரெண்டு கை வேணும். என் கை ரெண்டும் அதுமேல, என் கைமேல அவரு இடது கை. அப்புறம் அந்தக் கையையும் எடுத்துட்டாரு. கண்ணை மூடிக்கிட்டு உக்காந்து கேப்பாரு. "மரத்து ரேகைக்கு எதிராத் தள்ளுற, சத்தம் சொரசொரங்குது, கட்டையைத் திருப்பு"ம்பாரு. திருப்பினா அப்படியே சுருள் சுருளா வரும், பட்டுத்துணி மாதிரி. ஆளுங்க யாராச்சும் வந்தா நான் அடுப்படிக்கு ஓடிருவேன். அவரு உளியை இடது கையில பிடிச்சுக்கிட்டு நிப்பாரு. மாமியாதான், "ஏண்டி, தலையில பூ வைன்னா மரச்சுருளை வச்சிக்கிட்டுத் திரியிற"ம்பா. வாய்தான் அப்படி. வாசல்ல காவல் இருந்தது அவதான்.

முக்காலி செஞ்சேன். மணை செஞ்சேன். "அடுத்து நிலை. நிலைக்கு அப்புறம் கதவு. கதவு செஞ்சிட்டா நீயும் ஆசாரிதான் புள்ள"ன்னாரு. எனக்குத் தலைகால் புரியல.

அப்போ திருவெறும்பூர் பக்கம் பெரிய ஃபேக்டரி கட்டுறாங்க. ஊர்ல இருந்த ஆசாரி எல்லாம் அங்க போயிட்டாங்க. சமயபுரம் போற வழியில ஒரு பண்ணை வீட்டுக்காரரு, புது வீட்டு நிலைக்கு ஆள் கிடைக்காம எங்ககிட்ட வந்தாரு. தேக்கு அவங்களே இறக்கினாங்க. எங்க வீட்டுக்காரரு சொல்லச் சொல்ல நான் செஞ்சேன். துளையில கட்டையை இறக்கினப்ப ஒரு மயிரிழை இடைவெளி இல்ல. அவரு விரலால தடவிப் பாத்தாரு. கண்ணு கலங்கிப்போச்சு.

நிலை வைக்கிற அன்னிக்கு நானும் போனேன். மஞ்சள் பூசி, மாவிலை கட்டி நிறுத்தினாங்க. நிலை செஞ்ச ஆசாரிக்கு வேட்டி துண்டு, வெத்தலை பாக்கு வச்சுத் தட்டோட குடுக்கணும்ல? அந்த வீட்டம்மா கொண்டாந்து நீட்டுனாங்க. இவரு இருக்கிற கையை நீட்டுறாரு. கிழவி ஒண்ணு, அந்தப் பண்ணைக்காரரோட அம்மா, "ஏன் ஆசாரி, நல்ல காரியத்துல இடது கையாலயா வாங்குவ?"ன்னுச்சு.

இவரு சந்தோசத்துல சிரிச்சிட்டு, "என் வலது கை அதோ நிக்குது பாருங்கம்மா, அவகிட்ட குடுங்க"ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. அதோட விட்டிருக்கலாம் மனுசன். "சிரிக்காதீங்க, நெசமாத்தான். உளி பிடிச்சது, இழைச்சது எல்லாம் அவதான்"ன்னாரு. என்னை என்ன பெருமையாப் பாத்தாரு தெரியுமா? கண்ணாலத்தன்னிக்குக்கூட அப்படிப் பாக்கல.

நீட்டுன தட்டு உள்ள போயிடுச்சும்மா.

"பொம்பளை உளி பிடிச்ச நிலையா? எந்த நாள்ல தொட்டாளோ, எப்படித் தொட்டாளோ"ன்னு கிழவி ஆரம்பிச்சுது. நின்ன நிலையைச் சாய்ச்சாங்க. "மரத்தையும் நீயே வச்சுக்க ஆசாரி, எங்களுக்கு வேணாம்"னுட்டாங்க. மஞ்சளும் மாவிலையுமா மாட்டுவண்டியில ஏத்தினோம். கொள்ளிடம் பாலம் முச்சூடும் அவரு வண்டி பின்னாடியே நடந்து வந்தாரு, நிலைமேல கையை வச்சுக்கிட்டு.

மறுநாள் நான்தான் கேட்டேன். "ஏங்க, கதவு ஆரம்பிக்கலாமா?"

"என் வாயாலதான் புள்ள உன்னைக் கெடுத்தேன்"ன்னாரு. உளியெல்லாம் எண்ணெய் தடவிச் சாக்குல சுத்திப் பரண்ல போட்டாரு. ஒரு மரவாடியில வாட்ச்மேன் வேலைக்குப் போயிட்டாரு. நானும் விஜயதசமிக்கு விஜயதசமி கேப்பேன், கதவு சொல்லிக் குடுங்கன்னு. "பாப்போம்"பாரு.

ஒரு வருசம் கொத்தனாரைக் கூட்டியாந்து நம்ம மண்சுவரை இடிச்சு இந்த நிலையை வச்சாரு. நிலை பெரிசு, சுவரு சின்னது, பாதி வீடு போச்சு! மாமியா கத்துன கத்து காவேரிக் கரைக்குக் கேட்டிருக்கும். வச்சு முடிச்சிட்டு ஒரு தட்டுல புதுச்சேலையும் வெத்தலை பாக்கும் எடுத்தாந்து என் முன்னாடி நின்னாரு. இடது கையாலதான் குடுத்தாரு. நான் ரெண்டு கையாலயும் வாங்குனேன்.

இன்னிக்கு உளியை இறக்குவாரு, நாளைக்கு இறக்குவாருன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். கதவு இருக்க வேண்டிய இடத்துல கோணிப்படுதாதான் தொங்குச்சு. அவரை வெளிய தூக்கிட்டுப் போனதும் அந்தப் படுதாவை ஒதுக்கித்தான். இந்தக் கதவு அப்புறம் கடையில வாங்கினது. என் நிலைக்கு ஒட்டவே இல்ல. மழை பேஞ்சா ஊதிக்கும், சாத்தவும் வராது…

அடியே, உள்ள என்ன சத்தம்? ஆடு! அரிசி முறத்துல வாயை வச்சிருச்சு பாரு! ஏய், ச்சூ, ச்சூ! அந்த விளக்குமாத்தை எடு, எடுடி!