ஐந்து மணிக்கு விரியாத பூ

பிளாஸ்டிக் பூவை முதன்முதலில் செய்தவன் யாரென்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மொட்டைக் கடிதமாவது எழுதிப் போட்டிருப்பேன். அவன்மேல் எனக்கு இருக்கிற கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறவும் விடமாட்டேன்.

எழுபதுகளின் கடைசியில், ஒரு செப்டம்பர் மாதம், சித்தூரில் எங்கள் கிறிஸ்தவக் கோவிலின் தமிழ்ச் சபைப் பொதுக்கூட்டம். சபைச் செயலாளர் ரயில்வேயில் இருந்து ரிட்டயரானவர். எதையும் கால அட்டவணை போலப் பேசுவார். அன்று ஒரு பையிலிருந்து செய்தித்தாள் பொட்டலத்தை எடுத்து மேஜைமேல் பிரித்தார். சிவப்பு ரோஜாக்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பிளாஸ்டிக் பனித்துளி வேறு.

"மெட்ராஸ்லேர்ந்து வாங்கியாந்தேன். வாடாது, கொட்டாது. தூசி படிஞ்சா சோப்புத் தண்ணில அலசி வெச்சா ஆச்சு. இனிமே பலிபீடத்துல இதான்" என்றார்.

எல்லோரும் அந்தப் பனித்துளியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். எனக்கு உச்சந்தலை கொதித்தது. எழுந்துவிட்டேன். எழுந்த பிறகுதான், சொல்ல ஒன்றும் தயாராக இல்லை என்பது தெரிந்தது.

"வேதத்துல எந்த அதிகாரத்துல பிளாஸ்டிக் இருக்குது?" என்றேன்.

"டியூப்லைட்டு எந்த அதிகாரத்துல இருக்குது தம்பி?"

சபை சிரித்தது. போதகர்கூடக் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். அந்தச் சிரிப்பில்தான் எனக்குப் புத்தி கெட்டது. கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு நானே விதை போட்டு, வளர்த்து, நிஜப் பூ கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

"கொண்டா. விடியக்கால அஞ்சு மணி ஆராதனைக்குக் கொண்டாந்துட்டேன்னா இத நானே தூக்கிக் குப்பைல போட்டுர்றேன். கொண்டார்லன்னா எப்பவும் இதான். அப்புறம் எழுந்து நின்னு கேள்வி கேக்கக் கூடாது" என்ற செயலாளர், அதை அப்படியே மினிட்ஸ் நோட்டில் எழுதி என்னிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். கடைசியில், "சாமந்தி கொண்டாராத. அது பாடைக்குப் போடறது" என்றார்.

அதுவரை நான் வளர்த்த ஒரே பயிர், பள்ளிக்கூடத்தில் ஈரப் பஞ்சில் முளைக்கவைத்த பச்சைப்பயறு. அதையும் பக்கத்துப் பெஞ்சுக்காரன் தின்றுவிட்டான்.

அந்த வாரமே ஆபீஸ் வேலையாகத் திருப்பதி போனேன். பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு விதைக்கடை. டிசம்பரில் பூக்கிற பூ வேண்டும், சாமந்தியாக இருக்கக் கூடாது என்றேன். கடைக்காரர் ஒரு பாக்கெட்டை நீட்டினார். உறைமேல் ஆரஞ்சு நிறத்தில், சக்கரம் போல விரிந்த ஒரு பூ. காலண்டுலா என்று பெயர். பெயரிலேயே கப்பலில் வந்து இறங்கிய கௌரவம் இருந்தது. "குளிர்காலப் பூ சார். அக்டோபர்ல போடுங்க, பண்டிகைக்கு கேரண்டி" என்றார்.

வீட்டுக்கு வந்து, மனைவி முன்னால் பெருமையாகப் பாக்கெட்டைக் கிழித்து ஒரு தட்டில் கொட்டினேன். பழுப்பு நிறத்தில், முதுகில் முள் முள்ளாக, சுருண்டு கிடந்தன.

"ஐய! இன்னாங்க இது, புழுங்க! செத்துப்போன புழுங்க!" என்று தட்டைத் தள்ளிவிட்டாள்.

என்னை ஏமாற்றிவிட்டான்! விதையைப் புழு தின்றுவிட்டது, புழுவும் செத்துவிட்டது, அந்தப் பிணங்களை எனக்கு விற்றிருக்கிறான். மறுநாள் லீவு போட்டு, முதல் பஸ் பிடித்துத் திருப்பதிக்குப் போனேன். வழியெல்லாம் பேச வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டேன். கடைக்குள் நுழைந்ததும் பாக்கெட்டைத் தராசுத் தட்டில் கவிழ்த்தேன்.

"இன்னாய்யா இது? வெதை கேட்டா புழு குடுக்கிற? எங்க சபை மானம் போவுது இங்க!"

கடைக்காரர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு கல்லாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சார், அதான் சார் வெதை. இதோட வெதை அப்படித்தான் சுருண்டுக்கினு இருக்கும். கடிக்காது, பயப்படாதீங்க."

அங்கே வேர்க்கடலை விதை வாங்க வந்திருந்த ஒரு விவசாயி அக்கறையாகக் கிட்டே வந்தார். "நடும்போது வாய் எந்தப் பக்கம்னு பாத்து நடுங்க சார். தலைகீழா நட்டுட்டா மூச்சு முட்டிக்கும்."

புழுக்களை, அதாவது விதைகளை, ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வந்தேன். அந்த விவசாயியின்மேலும் எனக்கு இன்றுவரை கோபம்தான். ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும்: நடும்போது வாய் இருக்கிறதா என்று இரண்டு மூன்றைத் திருப்பிப் பார்த்தேன்.

சமையலறைக்குப் பின்னால் மண்ணைக் கொத்தி, எருவைத் தூளாக்கிக் கலந்து, அரை விரற்கடை ஆழத்தில் நட்டேன். ஒரு வாரத்தில் முளைத்தன. முளைத்ததும் புயல் மழை பிடித்துக்கொண்டது. கையகலப் பாத்திக்கு மேல் குடையைப் பிடித்துக்கொண்டு நான் நனைந்துகொண்டு நின்றேன். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "இன்னா சார், செடிக்கு ஜலதோஷமா?" என்றார். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். தும்மல்தான் வந்தது.

செடிகள் என்னைவிடத் தைரியசாலிகள். டிசம்பர் நடுவில் மொட்டு வைத்தன. பண்டிகைக்கு முந்தின ஞாயிறு மதியம் கோவிலிலிருந்து வந்து பார்த்தால் பாத்தி முழுக்க ஆரஞ்சும் மஞ்சளுமாக விரிந்து கிடந்தது. இந்தக் கையாலா இது என்று உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டேன்.

"சாமந்தி நல்லாக்கீதே சார்" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

"சாமந்தி இல்லைங்க. காலண்டுலா."

"காலண்டரா? எந்த வருசத்துது?"

அவரோடு ஒரு வாரம் பேசவில்லை.

அப்போது எனக்குப் பங்காருபாளையத்தில் வேலை. காலையில் இருட்டு பிரியும்போது தண்ணீர் ஊற்றிவிட்டு ஏழு மணி பஸ் பிடித்தால், திரும்பி வர விளக்கு வைத்துவிடுவார்கள். ஆகவே வாரநாட்களில் செடிகளை நான் பார்த்தது விடியற்காலையில் மட்டும்தான். தினமும் எல்லாம் மொட்டாகவே நின்றன. ஞாயிற்றுக்கிழமை விரிந்தவை உதிர்ந்துவிட்டன, இவை புதுசு, பண்டிகைக்காகத் தம் பிடித்துக்கொண்டு நிற்கின்றன என்று நினைத்துக்கொண்டேன். தினமும் எண்ணினேன். எண்ணிக்கை ஏற ஏற, செயலாளர் குப்பைத்தொட்டியை நோக்கி நடந்து போகும் காட்சி மனதுக்குள் தெளிவாகிக்கொண்டே வந்தது.

பண்டிகையன்று நாலு மணிக்கு டார்ச்சும் கத்திரிக்கோலும் வாளியுமாகப் பின்பக்கம் போனேன். ஒரு பூவும் விரிந்திருக்கவில்லை. ஒன்றுகூட இல்லை! அத்தனையும் முஷ்டியை இறுக்கிக்கொண்டு நின்றன. என் அலறலில் மனைவி பட்டுப்புடவையைச் சொருகிக்கொண்டே ஓடிவந்தாள்.

"விரியல! இன்னைக்குமா விரியல?"

"ராத்திரியானா மூடிக்கும்ங்க. வெயில் ஏறினாத்தான் தொறக்கும். தினம் அப்படித்தானே?"

"எனக்கு ஏன் சொல்லல?"

"உங்க செடி, உங்களுக்குத் தெரியாதுன்னு நான் கண்டனா? தினம் காலைல குனிஞ்சு குனிஞ்சு எண்ணிக்கினு இருந்தீங்களே, அப்ப இன்னாத்த எண்ணினீங்க?"

எல்லாவற்றையும் வெட்டி வாளியில் போட்டுக்கொண்டு கோவிலுக்கு ஓடினேன். அங்கே டியூப்லைட்டுக்கு அடியில் வாளியைத் தூக்கிப் பிடித்தேன். வாயால் ஊதினேன். விரலால் பிரித்துப் பார்த்ததில் இரண்டு பூ கையோடு வந்துவிட்டன. செயலாளர் பின்னால் வந்து நின்று வாளிக்குள் எட்டிப் பார்த்தார்.

"இன்னா தம்பி, வெண்டைக்கா கொண்டாந்துகிறியா?"

அவர் கையில் பிளாஸ்டிக் ரோஜாக்கள், அலசித் துடைத்து, தயாராக இருந்தன. போதகர் வந்தார். "பூ எங்கய்யா?" என்றார். "இதான் ஐயரே. தூங்குது" என்றேன். அவர் நல்ல மனுஷர். பிளாஸ்டிக்கை நடுவிலும் என் பூக்களை ஓரத்து ஜாடிகளிலும் வைக்கச் சொன்னார். ஆனால் பிரசங்கத்தில், ஊரெல்லாம் உறங்கும்போது மேய்ப்பர்கள் மட்டும் விழித்திருந்தார்கள் என்று அவர் சொன்னபோது, சபை மொத்தமும் திரும்பி என் ஜாடிகளைப் பார்த்தது.

ஆராதனை முடிந்ததும் ஜாடிகளில் இருந்ததை வாரி வாளியில் போட்டு வெளியே கொண்டுவந்தேன், குப்பைக் குழியில் கொட்டுவதற்கு. மனைவி வாளியைப் பிடுங்கி, வெயில் விழுந்த படிக்கட்டில் வைத்துவிட்டாள். எனக்குக் கோபத்தைக் கொட்ட இடம் வேண்டியிருந்தது. மரத்தடியில் பன்னும் காப்பியும் கொடுத்துக்கொண்டிருந்த செயலாளரிடம் போனேன். பனித்துளி எந்த நாட்டில் பிளாஸ்டிக்கில் விழுகிறது என்று கேட்டேன். நிஜத்துக்கு ஒரு மரியாதை கிடையாதா என்று கேட்டேன். அவர் பன்னைக் கடித்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டார். நான் ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசியிருப்பேன்.

எங்கள் கோவிலில் ஒன்பது மணிக்குத் தெலுங்கு ஆராதனை. அந்தச் சபையார் வரத் தொடங்கியிருந்தார்கள். படிக்கட்டில் கூட்டம். "அப்பா, எந்த பாகுன்னாயி!" என்று ஒரு அம்மா தெலுங்கில் சத்தமாக அழகை வியந்தது காதில் விழுந்தது. திரும்பினேன். வாளி நிறைய விரிந்து கிடந்தது. அத்தனையும்! ஒன்றுகூட பாக்கியில்லாமல், சூரியனைப் பார்த்துக்கொண்டு, வெட்கமே இல்லாமல்!

அவர்கள் என்னைக் கேட்டுவிட்டு வாளியை உள்ளே கொண்டுபோனார்கள். பிளாஸ்டிக் ரோஜாக்கள் பாதிரி அறை அலமாரிக்குப் போயின. பலிபீடம் தீப்பிடித்த மாதிரி ஜொலித்தது. தெலுங்குச் சபை மூப்பர் என் தோளைத் தட்டினார்: "மீ அரவவாள்ளுக்கு, உங்க தமிழாளுங்களுக்கு, அவசரம் ஜாஸ்தி அண்ணா. சூரியன் எழுந்திரிக்கறதுக்கு முன்னாடியே வந்து உக்காந்துக்கினா பூ இன்னா செய்யும்?"

ஓடிப்போய்ச் செயலாளரை இழுத்துவந்து காட்டினேன். அவர் வாசலில் நின்று நன்றாகவே பார்த்தார்.

"விரிஞ்சுக்கீது. நல்லாவும் கீது. இல்லேங்கல. ஆனா மினிட்ஸ்ல இன்னா போட்டுக்கீது? அஞ்சு மணி ஆராதனைக்கு. நீதானே கையெழுத்துப் போட்ட?"

ரயில் நாலு மணி நேரம் தாமதமாக வந்தாலும் ரயில்தானே என்று கத்தினேன். ரயில்வேக்காரரிடம் அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

ஜனவரிப் பொதுக்கூட்டத்தில் நான் ஒரு தீர்மானம் கொண்டுவந்தேன்: இனி பண்டிகை ஆராதனையை விடியற்காலை ஐந்துக்கு வைக்காமல் காலை பதினொன்றுக்கு வைக்க வேண்டும், பூவுக்கு வெயில் வேண்டும். ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார் போதகர். என் கையைத் தவிர ஒரு கையும் எழவில்லை. மனைவியைப் பார்த்தேன்.

"பதினோரு மணிக்குக் கோவில்னா பிரியாணி எப்போ வைக்கறது?" என்றாள், கூட்டத்துக்கே கேட்கும்படி. அத்தோடு தீர்மானம் செத்தது. எங்கள் ஆராதனைக்குப் பிளாஸ்டிக் என்று நிரந்தரமாக எழுதப்பட்டது.

அநியாயம். எத்தனை முறை யோசித்தாலும் அநியாயம்தான். சொந்த பாஷைக்காரனுக்கு ஒரு பூ காட்ட முடியவில்லை எனக்கு. ஆனாலும் விதை போடுவதை விடவில்லை. ஒவ்வொரு அக்டோபரிலும் போடுகிறேன், ஒவ்வொரு பண்டிகைக்கும் ஒன்பது மணிக்கு வாளியோடு போய்த் தெலுங்கு ஆராதனையில் இரண்டாம் தடவை உட்காருகிறேன். பாட்டெல்லாம்கூடப் பழகிவிட்டது.

அதற்கு முன்னால் ஐந்து மணிக்கு எங்கள் ஆராதனையிலும் இருப்பேன், பிளாஸ்டிக் ரோஜாக்களுக்கு நேர் எதிரே. ஆரம்பத்திலிருந்து ஆசீர்வாதம் வரை கண்ணைத் திறப்பதே இல்லை. பக்கத்தில் இருப்பவர்கள் அதை ஜெபம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நான் திருத்துவதில்லை.