தெப்பக்குளத்து ஏரோப்ளேன்

விளக்கெண்ணெய் வாடை என்றதும் பெரும்பாலோருக்கு வயிற்றைச் சுத்தம் செய்த நாள்தான் நினைவுக்கு வரும். எனக்கு ஏரோப்ளேன் வரும். சிரிக்காதீர்கள். ஆடி மாதம் பரணை ஒழித்தபோது ஒரு சாக்கிலிருந்து அந்த வாடை அடித்தது. பிரித்தேன், தங்கராசுவின் விமானம். இறக்கை மூன்று முழம், வாலை எலி கடித்திருந்தது, எஞ்சின் கல்லாக இறுகியிருந்தது.

பழங்காநத்தத்தில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் நானும் அவனும் ஒரே மேசை. அவன் கை பட்டால் செத்த ரேடியோவும் பேசும். என் கை பட்டால் பேசிக்கொண்டிருப்பதும் வாயை மூடிக்கொள்ளும். முதலாளி இப்படித்தான் சொல்வார், அதில் பொய்யும் இல்லை.

தங்கராசுவின் அக்கா வீட்டுக்காரர் கப்பலில் வேலை பார்த்தவர். வீட்டில் எல்லாரும் அவரிடம் டேப்ரிக்கார்டர் கேட்டார்கள், இவன் மட்டும் ரிமோட்டில் பறக்கிற ஏரோப்ளேன் கேட்டான். வந்தது ஏரோப்ளேன் இல்லை, ஒரு பெட்டி நிறையத் தக்கைக் குச்சிகளும் வெங்காயச் சருகு போலத் தாளும், எலுமிச்சம்பழ அளவில் ஒரு எஞ்சினும். பெட்டி மூடியில் சிவப்பும் வெள்ளையுமாக விமானத்தின் படம். மத்தியானச் சாப்பாட்டு வேளைகளில் ஒட்டி ஒட்டி ஐந்து மாதத்தில் முடித்தான்.

எஞ்சினுக்கு ஸ்பிரிட்டில் விளக்கெண்ணெய் கலந்து ஊற்ற வேண்டும். எண்ணெய் வாங்கி வருவது என் பொறுப்பு. நாட்டுமருந்துக் கடையில் போய் ரெண்டு லிட்டர் கேட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எம்புட்டுப் பேருக்கு தம்பி?" என்றார்.

பறக்கவிட்டது வண்டியூர் தெப்பக்குளத்தில். அன்றைக்கு அதில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. பையன்கள் கிரிக்கெட் ஆடுகிற கட்டாந்தரை. நடு மண்டபத்தில் முட்டாமல் சுற்றிக் கொண்டுவருவதுதான் வித்தை. முதல் நாளே கையால் சுற்றிக் கிளப்பும்போது எஞ்சின் எதிர்த்தடித்து, முன்விசிறி அவனுடைய ஆள்காட்டி விரல் நுனியை நெடுக்கப் பிளந்துவிட்டது. தையல் போட்டும் வாய்க்கால் மாதிரி ஒரு பள்ளம் நின்றுவிட்டது. அந்தக் கையோடுதான் மறு ஞாயிறு பறக்கவிட்டான். ஆட்டோக்காரர்கள்கூட வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். "மாப்ள, அங்க பாரு, நம்ம கடை மேல போகுதுடா!" என்று கத்தினான். கடை எந்தத் திசையில் இருக்கிறது என்பதே அவனுக்கு அப்போது மறந்திருந்தது.

அப்புறம் அவனுக்கு வளைகுடாவில் வேலை கிடைத்தது. புறப்படும்போது விமானத்தை என்னிடம் தந்தான். "ரெண்டு வருசத்துல வாரேன் மாப்ள. இப்ப எப்படி இருக்கோ அப்படியே இருக்கட்டும்."

அவன் வரவில்லை, சேதிதான் வந்தது. கட்டடத்திலிருந்து விழுந்தானாம். அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். அவன் முகத்தை நான் பார்க்கவில்லை. சாக்கைக் கட்டிப் பரணில் போட்டதுதான், நாற்பது வருசமாக அவிழ்க்கத் தைரியம் வரவில்லை.

இந்த ஆடியில் வந்தது அந்தத் தைரியம். அவன் விட்டுப்போனபடியே ஆக்கிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். சாக்குக்குள் பெட்டி மூடியும் பத்திரமாக இருந்தது. அதை எதிரே சாய்த்துவைத்து, படத்தில் உள்ளது உள்ளபடி ரெண்டு மாதம் வேலை பார்த்தேன். எஞ்சினைச் சூடுகாட்டி இளக்கினேன். வாலுக்குப் புதுக் குச்சி வைத்தேன். இறக்கைகளின் அடியில்தான் பெரும்பாடு. பழைய வார்னிஷுக்குள் மஞ்சள் மஞ்சளாகக் கறை, படத்தில் இல்லாதது. எண்ணெய் இறங்கியிருக்கிறது என்று நினைத்துத் தின்னர் தொட்டு ரெண்டு நாள் தேய்த்தேன். பளிச்சென்று வெள்ளை வந்ததும் எனக்கு அப்படி ஒரு பெருமை.

தெப்பக்குளத்துக்கும் தூக்கிக்கொண்டு போனேன். இப்போது அங்கே வருசம் பூராவும் தண்ணீர், படகு விடுகிறார்கள். ஊருக்கே சந்தோஷம். நான் மட்டும் கரையில் விமானத்தை மடியில் வைத்துக்கொண்டு இழவு வீட்டில் இருப்பவன் போல உட்கார்ந்திருந்தேன்.

முந்தாநாள் ஆயுத பூஜை. என் ஸ்பேனர், சால்டரிங் ராடோடு விமானத்தையும் வைத்தேன். இறக்கையின் அடியில் பட்டை போட மூன்று விரலில் சந்தனத்தைத் தொட்ட அந்த நொடியில்தான் ஞாபகம் வந்தது.

அவன் புறப்படுவதற்கு முந்திய ஆயுத பூஜை. கடையில் மீட்டர், ராடு எல்லாவற்றுக்கும் சந்தனப் பட்டை போட்டுவிட்டு விமானத்துக்கும் போட்டான். ஒரு இறக்கையின் அடியில் போட்டவன் மறுபடியும் கிண்ணத்தில் கை வைத்தான். "ரெண்டு பக்கமும் சமமாப் போடணும் மாப்ள, இல்லாட்டிச் சாஞ்சுரும்" என்றான். விரல் பிளவால் அவன் பட்டை போட்டால் மூன்று கோடு விழாது, நாலு விழும். "சாமி ஒனக்கு மட்டும் ஒண்ணு கூடக் குடுத்திருக்குடா" என்று முதலாளி சிரித்தார். அது அழிந்துவிடக் கூடாதென்று மேலேயே வார்னிஷ் அடித்தான் தங்கராசு.

அதைத்தான் ரெண்டு நாள் தேய்த்திருக்கிறேன். அவன் விரல் தடம் என்று இந்த உலகத்தில் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். அட்டைப் படத்தைப் பார்த்தேனே ஒழிய அவனை நினைத்துப் பார்க்கவில்லை, பாவி.

சந்தனம் விரலில் காய்ந்துகொண்டிருந்தது. வேறென்ன செய்வதென்று தெரியாமல் அந்த வெள்ளையில் இழுத்தேன். மூன்று கோடுதான் விழுந்தது.