ரொட்டியக்கா வீட்டுக் குளிர்

ஒரு வீட்டில் இருப்பதே இரண்டு பேர். அதில் ஒருத்தி காலமெல்லாம் அடுப்போடு மல்லுக்கட்டியவள், மற்றவர் காலமெல்லாம் ஐஸோடு மல்லுக்கட்டியவர் என்றால், அந்த வீட்டுக்கு ஏசி வாங்கிக் கொடுப்பவர்கள் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கொடுக்க வேண்டும். மகள் யோசிக்கவில்லை. அம்மா வியர்வையில் நனைகிறாளே என்று பார்த்தாள், மேற்கூரைக்கு அடியில் குழாய் ஓட்டி எல்லா அறைக்கும் குளிர்காற்று வருகிற மாதிரி பெரிய ஏசி ஒன்றைப் பொருத்திவிட்டு ஊருக்குக் கிளம்பிவிட்டாள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான்.

தெருவில் அந்த அம்மாவை ரொட்டியக்கா என்பார்கள். பேக்கரிக்கு மாவு பிசையப் போனவள். அடுப்பில் நின்ற ஆள் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட, "இன்னிக்கு மட்டும் பாத்துக்கம்மா" என்றார் முதலாளி. அந்த இன்னிக்கு மட்டும், அவள் தலை நரைக்கும்வரை முடியவில்லை. முன்கை இரண்டிலும் தட்டின் விளிம்பு சுட்ட தழும்புகள். முகம் எப்போதும் சிவந்தே இருக்கும். புதிதாகப் பார்ப்பவர்கள் கோபமாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள். பாதி நேரம் அது சரியாகவும் இருக்கும்.

வீட்டுக்காரர் குளிர்பதனக் கிடங்கில் மூட்டை தூக்கப் போய், பிறகு அங்கேயே மேஸ்திரியானவர். மீன், வெண்ணெய், பழம் என்று எது வந்தாலும் உறைகிற குளிரில் அடுக்கி வைக்க வேண்டும். கம்பெனி கொடுத்த தடித்த பஞ்சுக் கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு உள்ளே போவார். ஊரார் வைத்த பெயர் ஐஸ்காரர். பேச்சு மிகவும் குறைவு என்பதால் மனைவி வைத்த பெயர் கல்லுளிமங்கன். எதிரில் வைத்தே சொல்வாள், அவரும் சிரித்துக்கொள்வார்.

கல்யாணமான புதிதில் ஒரு கடைக்கு மேலே ஒற்றை அறையில் குடியிருந்தார்கள். கழுத்து உடைந்த டேபிள் ஃபேன் ஒன்று. அதைச் சணலால் ஜன்னல் கம்பியோடு கட்டி வைத்திருப்பார்கள். சாயங்காலம் அவர் முதலில் வந்து படிக்கட்டில் உட்கார்ந்திருப்பார், உதடு வெளுத்து, விரல் மடங்காமல். அவள் வெந்துபோய் வருவாள், பையில் அன்றைய சூட்டோடு ஒரு ரொட்டி. "வந்துட்டியா" என்று கேட்டுக்கொண்டே அவர் முதலில் வாங்குவது அந்தப் பொட்டலத்தைத்தான். இரண்டு கையாலும் பிடித்து நெஞ்சோடு வைத்துக்கொள்வார்.

"பொண்டாட்டி வர்றதுக்கா காத்திருக்கீங்க, ரொட்டி வர்றதுக்கா?" என்பாள்.

"ரெண்டுக்கும்தான்."

"ஐஸ் வைக்காதீங்க. கையை இங்க வைங்க."

அந்தக் கைகளை இழுத்துத் தன் பிடரியில் வைத்துக்கொள்வாள். மேலிருந்து கீழே உடம்பு முழுக்க ஒரு குளிர் இறங்கும். "அப்பாடா" என்று அவள் விடுகிற மூச்சு கீழ்க்கடைவரை கேட்கும். கடைக்காரர் இருமிக் காட்டுவார். அவளா கவலைப்படுகிறவள்! அந்த வீட்டில் அப்போது ஏசி என்றால் அவர் கை, ஹீட்டர் என்றால் அவள் கழுத்து. கரண்ட் போனாலும் நிற்காது.

ஐஸ்காரர் அதிசயமாக வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு சொல்வது ஒரே ஒரு கதை. கிடங்குச் சுவரில் குளிர் அளக்கிற குமிழ் ஒன்று இருந்ததாம். விரல் விறைத்துப்போனால் யாராவது ஒருவன் போய் ஐஸ் கட்டியை அந்தக் குமிழோடு அழுத்திப் பிடிப்பானாம். குளிர் போதும் என்று மெஷின் நம்பி நின்றுவிடும். அந்தக் கொஞ்ச நேரத்தில் எல்லோரும் கையைத் தேய்த்துக்கொள்வார்களாம். "மெஷினுக்கு அந்தக் குமிழ்தான் உலகம். அதை ஏமாத்திட்டா போதும்" என்பார். ரொட்டியக்கா நூறு தடவை கேட்ட கதை. நூறு தடவையும் சிரித்திருக்கிறாள்.

அவர்களே கட்டிய இந்தச் சின்ன வீட்டில் இருவரும் வேலையை விட்டு ஓய்ந்து உட்கார்ந்தபோதுதான் கணக்குப் புரிந்தது. அவருடைய மூட்டில் கிடங்குக் குளிர் இறங்கி உட்கார்ந்திருந்தது. அவள் உடம்பிலிருந்து அடுப்புச் சூடு போகவே இல்லை. ஏசி வந்த முதல் வாரம் அவர் இரண்டு போர்வை போர்த்திப் பார்த்தார். அடுத்த வாரம் தலையணையை எடுத்துக்கொண்டு முன்னறைக் கட்டிலுக்குப் போய்விட்டார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதன்பிறகு ஏசிக்கு என்னமோ பிடித்தது. நிற்காமல் ஓடியது. படுக்கையறை பனிக்கட்டியாகி, அவளுக்கே பல் கிட்டித்தது. கரண்ட் பில்லைப் பார்த்துவிட்டு மகள் ஓடி வந்தாள்.

"அம்மா, ஏசியோட வந்த இந்தச் சுவர்ப்பெட்டி சரியில்ல. புது ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் மாத்திடலாம். எவ்வளவு குளிர் வேணுமோ அதுவே பாத்துக்கும். நீயே வந்து செலக்ட் பண்ணு."

வீட்டுக்குள் எவ்வளவு குளிர் வேண்டும் என்று ஏசிக்குக் கட்டளை போடுகிற பெட்டி அது. அதைப் பார்க்கக் கடைக்குப் போனார்கள். ஐஸ்காரர் வரவில்லை. "உனக்கு எது பிடிக்குதோ அதை வாங்கு" என்று சொல்லி அனுப்பிவிட்டார். விட்டேத்தியாகச் சொல்கிறாரா, விட்டுக்கொடுத்துச் சொல்கிறாரா என்று இத்தனை வருடம் குடித்தனம் செய்தும் அவளுக்குக் கண்டுபிடிக்கத் தெரிந்ததில்லை.

கடைப் பெண் ஒரு வட்டப் பெட்டியைக் காட்டினாள். "இது உங்க பழக்கத்தை ஒரு வாரத்துல கத்துக்கும், ஆன்ட்டி. எப்ப என்ன வேணும்னு நீங்க சொல்லவே வேணாம்."

"என் வீட்டுக்காரருக்கே இன்னும் தெரியல. இதுக்கு ஒரு வாரம் போதுமா? அடுத்ததைக் காட்டு."

அடுத்தது விலை உயர்ந்தது. ஒவ்வொரு அறைக்கும் தனித்தனியாகக் குளிர் வைத்துக்கொள்ளலாம். குழாய்க்குள்ளே கதவு மாதிரி ஒன்று திறந்து மூடுமாம். மகள் துள்ளிவிட்டாள். "இதான்மா! பெட்ரூம்ல உனக்கு இருபத்திரண்டு, ஹால்ல அப்பாவுக்கு இருபத்தொன்பது. ஆளுக்கொரு ரூம், ஆளுக்கொரு குளிர். சண்டையே வராது!"

ரொட்டியக்காவுக்கு நெஞ்சில் சுருக்கென்றது. சண்டை வராதுதான். அவரும் வரமாட்டார். முன்னறையில் அவருக்கு வேண்டிய சூட்டைப் பெட்டியே கொடுத்துவிட்டால், அவர் தலையணை எந்தக் காலத்தில் திரும்பி வரும்? அவளுக்கு வேண்டியது இருபத்திரண்டும் இல்லை, இருபத்தொன்பதும் இல்லை. அந்த மனிதர் பழையபடி பக்கத்தில் வந்து படுக்க வேண்டும், அவ்வளவுதான். அதைக் கடையில் நின்று, பெற்ற பெண்ணிடம் சொல்ல முடியுமா?

"வீட்டுக்கெல்லாம் சேர்த்து ஒரே குளிர் வைக்கிற மாதிரி இல்லியாம்மா?" என்று கேட்டாள்.

இருந்தது. சுவரில் ஒரு பெட்டி. கூடவே கைக்குள் அடங்குகிற வெள்ளை வில்லை ஒன்று. அந்த வில்லைதான் சென்சார். அதை எந்த அறையில் வைக்கிறோமோ அங்கே இருக்கிற சூட்டைப் பார்த்து ஏசி ஓடுமாம். "இதையே குடு" என்றாள் ரொட்டியக்கா. மகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

மாட்ட வந்த மெக்கானிக், முன்னறைக் கூரையில் காற்று வருகிற கிரில்லைக் கழற்றினார். உள்ளே ஒரு அட்டை. பேக்கரி கேக் டப்பாவின் மூடி, நாலு பக்கமும் டேப் ஒட்டி, கச்சிதமாக அடைத்திருந்தது.

"யாருங்க இதை வச்சது? பழைய தெர்மோஸ்டாட் இந்த ரூம்லதானே இருக்கு. இங்க காத்து வராம அடைச்சா, வீடு இன்னும் சூடாவே இருக்குன்னு அது நினைச்சுக்கும். ஏசி நிக்கவே நிக்காது. அம்மா ரூம் ஃப்ரீஸரா ஆனதுக்குக் காரணம் இதான்."

ஐஸ்காரர் திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி உட்கார்ந்திருந்தார். மகள் வாங்கு வாங்கென்று வாங்கினாள். ரொட்டியக்காவுக்குச் சிரிப்பு ஒரு பக்கம், எரிச்சல் ஒரு பக்கம். அடுத்தவரை ஐஸில் போட்டுவிட்டு இவர் கதகதப்பாகத் தூங்கியிருக்கிறாரே என்று இருந்தது. அப்புறம், மூட்டு வலியோடு ஏணி ஏறி டேப் ஒட்டுகிற அளவுக்குக் குளிருக்குப் பயந்த மனிதரை ஒருநாளும் 'என்ன செய்யுது' என்று கேட்கவில்லையே என்றும் இருந்தது.

மகள் இருபத்தாறு என்று வைத்து, தன் போனிலிருந்தே பூட்டுப் போட்டாள். "இனிமே ரெண்டு பேரும் கை வைக்க முடியாது. வில்லை பெட்ரூம் அலமாரிலதான் இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இருபத்தாறு அவளுக்குப் புழுக்கம். ஆனாலும் முணுமுணுக்கவில்லை. இருபத்தாறில் அவர் உள்ளே வரலாம். வருவார் என்று அவர் பக்கத்துத் தலையணைக்கு உறை மாற்றி வைத்தாள். கிரில்லிலிருந்து எடுத்த அட்டையை விசிறியாக்கி, வீசிக்கொண்டே படுத்திருந்தாள். இன்றைக்கு வருவார், நாளைக்கு வருவார். அட்டை முனை மழுங்கியதுதான் மிச்சம். வாய்விட்டுக் கூப்பிட்டால் குறைந்தா போய்விடும்? போய்விடும் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. வீம்புக்கு வயது ஏது!

கோடையின் உச்சத்தில் ஒரு மத்தியானம், பேக்கரியில் பழைய முதலாளியின் மகன் கடையைப் பெரிதாக்கியிருக்கிறான், வந்து பார்க்கச் சொன்னான் என்று போனாள். புது அடுப்பு. பட்டனைத் தட்டினால் தட்டு தானாக வெளியே வருகிறது. அதன் முன்னால் நிற்கிற பெண் முகம் சிவக்கவே இல்லை. நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டாள். சுடச்சுட ஒரு ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்கள். தெரு முனைக்கு வரும்போது போன் அடித்தது.

"அம்மா, எங்க இருக்க? வீட்ல என்ன ஆச்சு?" மகளின் குரல் நடுங்கியது. "என் போன்ல வீடு முப்பத்தஞ்சு டிகிரின்னு காட்டுது. ஏறிக்கிட்டே போகுது. ஏசி ஓடுதுன்னும் காட்டுது. அப்பாவுக்குப் போட்டா எடுக்கவே மாட்டேங்கறார்!"

ரொட்டியக்கா பொட்டலத்தை இடுக்கிக்கொண்டு ஓடினாள். ஏதாவது பற்றிக்கொண்டதா? அந்த வெக்கையில் தனியாக மயங்கிக் கிடக்கிறாரா? கூப்பிட்டிருக்கலாமே, ஒரே ஒரு வார்த்தை, உள்ளே வந்து படுங்க என்று கூப்பிட்டிருக்கலாமே. இந்த வயதில் அவள் ஓடியதைத் தெருவே பார்த்தது. செருப்பு ஒன்று எங்கோ கழன்றது. அதை எடுக்க நிற்கவில்லை.

கதவைத் தள்ளினாள். முகத்தில் வந்து அடித்தது குளிர். வீடே கிடங்காக இருந்தது. படுக்கையறை அலமாரியில் வில்லை இல்லை.

முன்னறைக் கட்டிலில் ஐஸ்காரர் குறுகிப் படுத்திருந்தார், பெட்டி அடியில் கிடந்த பழைய பஞ்சுக் கோட்டைப் போட்டுக்கொண்டு, உதடு வெளுத்து, பல் தந்தியடிக்க. அவருக்கு நேர் மேலே, அட்டை இல்லாத கிரில்லிலிருந்து காற்று கொட்டிக்கொண்டிருந்தது.

"ஏங்க! என்ன பண்றீங்க?"

அவர் திருதிருவென்று விழித்தார். பிறகு கோட்டுக்குள் கைவிட்டு, அக்குளிலிருந்து அந்த வெள்ளை வில்லையை எடுத்து நீட்டினார்.

"நீ இவ்வளவு சீக்கிரம் வருவேன்னு நினைக்கல" என்றார்.

"உங்களுக்கு என்ன பைத்தியமா? அந்தப் பொண்ணு அங்க பதறிப்போய்க் கிடக்கு. போனை எடுக்கறதுக்கென்ன?"

"கையை எடுத்தா சூடு போயிடும். மெஷின் நின்னுடும்." கோட்டை இழுத்து மூடிக்கொண்டு, "வெயில்ல போயிருக்கே. வர்றப்ப உன் ரூம் நல்லா ஜில்லுனு இருக்கட்டும்னு பாத்தேன். தெனமும் அந்த அட்டைச் சத்தம் கேக்குது. எப்படி எனக்குத் தூக்கம் வரும்?" என்றார்.

ஒரு வருடத்தில் அவர் சேர்த்துப் பேசியது அதுதான் அதிகம்.

"அப்படின்னா உள்ள வந்து படுக்கறதுக்கென்ன?"

"ராத்திரி எழுந்து எழுந்து போர்வை தேடுவேன். உன் தூக்கம் கெட்டுப்போகும்."

"என் தூக்கம் போய் ஒரு வருஷம் ஆச்சு" என்றாள் ரொட்டியக்கா. சொன்னதும் அழுகை வந்துவிட்டது. "எனக்கு ஜில்லுனு ஒண்ணும் வேணாம். நீங்க வாங்க. கூப்பிடறேன் பாருங்க, நானே கூப்பிடறேன். வந்து படுங்க."

போன் மறுபடி அடித்தது. "ஒண்ணும் ஆகலம்மா, அது உங்கப்பா அக்குள். அப்பறம் பேசறேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஐஸ்காரர் எழுந்து உட்கார்ந்தார். அவர் கண் அவள் கையில் இருந்த காகிதப் பொட்டலத்தின் மேல் போனது. இரண்டு கையையும் நீட்டினார். வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். கோட்டும் ரொட்டியுமாக அவர் உட்கார்ந்திருந்த இருப்பில், கடைக்கு மேலே அந்தப் படிக்கட்டு அவளுக்கு அப்படியே தெரிந்தது.

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஓடி வந்ததில் கழுத்து கொதித்தது. ரொட்டியைப் பிடித்திருந்த அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். இன்னும் சூடு ஏறவில்லை.

"கையை இங்க வைங்க" என்றாள்.