காயாத அக்குள்

அறுபதுகளில் ஒருநாள், என் தம்பி மாட்டுங்கா அறையில் கதவைச் சாத்திக்கொண்டு மூட்டைப்பூச்சி மருந்தடித்துவிட்டு, அந்தக் கட்டிலிலேயே தூங்கிவிட்டான். சயான் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது வாயில் நுரை, உடம்பெல்லாம் வியர்வை. தெற்றுப்பல் நர்ஸ் ஒருத்தி அடிக்கடி அவன் அக்குளில் விரலை வைத்துப் பார்த்து, அட்ரோபின் ஊசி போட்டாள்.

“ஏழாவது ஊசிம்மா. தாங்குவானா?” என்றேன்.

“எண்ணாதீய சார். விஷத்தால நெஞ்சுக்குள்ள நீர் ஊறுது. இந்த மருந்துதான் வத்த வைக்கும். அக்குள் காயுற வரைக்கும் போடச் சொல்லியிருக்காரு டாக்டர்.”

பதினொன்றாவது ஊசிக்குப் பிறகு தம்பியின் முகம் சிவந்து, கண்மணி விரிந்தது. காற்றில் எதையோ பிடுங்கிக்கொண்டே, “தண்ணி, நாக்கு ஒட்டிக்கறது” என்று அலறினான். பைத்தியமாக்கிவிட்டாளே என்று பதறினேன்.

அவள் அக்குளைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தாள். “காஞ்சிட்டு. இனி பொழச்சுக்கிடுவாரு. இந்தப் பெனாத்தல் தானே தெளிஞ்சிரும்.”

அவனைக் காய வைத்துவிட்டு, தான் சொட்டச் சொட்ட வியர்த்து நின்ற அவள் முகத்தின் சிரிப்பு இன்று நினைத்தாலும் என்னைத் தூக்கிவாரிப் போடுகிறது.