அண்ணி தள்ளிக்கொண்டு போன சைக்கிள்

என் அண்ணி குள்ளம். அடுத்தவர் வாயைத் திறப்பதற்குள் அவரே அதைச் சொல்லிச் சிரித்துவிடுவார். ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பகுதியில் வேலை. பஸ்ஸில் நசுங்கிப் போய் வருகிறாரே என்று அண்ணன் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் சைக்கிள் வாங்கி வந்தான். சிவப்பு நிறம், முன்னால் கூடை. அண்ணன் தச்சன், ஊருக்கெல்லாம் அளவெடுத்து நாற்காலி செய்பவன். பெண்டாட்டியை அளக்க மட்டும் தோன்றவில்லை.

சீட்டை அடிவரை இறக்கியதும் கால் எட்டிவிட்டது. கைதான் எட்டவில்லை. ஹேண்டில்பாரைப் பிடிக்க அண்ணி படுக்காத குறையாகக் குனிய வேண்டும். இரண்டே நாளில் கழுத்து பிடித்துக்கொண்டது. ஆனால் அண்ணன் முகத்தில் அத்தனை பூரிப்பு! அதைக் கெடுக்க மனசு வராமல் வாசலில் ஏறி, தெருமுனையில் இறங்கி, ஆஸ்பத்திரி வரை தள்ளிக்கொண்டே போயிருக்கிறார். ஒருநாள் கையும் களவுமாகப் பிடித்தேன்.

"என்ன அண்ணி, சைக்கிளுக்கு நடை பழக்குறீங்களா?"

"உங்க அண்ணன்கிட்ட சொல்லிடாத. ஆசையா வாங்கினாரு, மனசு விட்டுப்போயிடும்."

அண்ணன் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. என் வாயில் எதுதான் நின்றது? அன்றைக்கே போட்டு உடைத்துவிட்டேன்.

அண்ணன் மறுநாள் காலை அளவு டேப்போடு வந்து நின்றான். "கையை நீட்டு" என்றான். அண்ணி என்னை முறைத்துக்கொண்டே நீட்டினார்.

மூவரும் கடை கடையாக ஏறி இறங்கினோம். ஒருவர், "சின்னப் பசங்க சைக்கிள் இருக்கு, காட்டவா?" என்றார். "வேலைக்குப் போறவங்களுக்குங்க" என்று அண்ணன் வெளியே வந்துவிட்டான். கடைசிக் கடையில் கிடைத்தது. நிறம் சுமார்தான், ஆனால் ஹேண்டில்பார் கிட்டத்திலேயே இருந்தது. அண்ணி நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு சுற்று போய்ப் பார்க்கச் சொன்னால், தெருவையே சுற்றிவிட்டு வந்தார். "கழுத்து வலிக்கலைங்க" என்றவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். சிவப்புச் சைக்கிள் என் தலையில் வந்து விழுந்தது. எனக்குத்தான் ஒட்டடைக்குச்சி மாதிரி கை.

அன்று சாயங்காலம் அண்ணி வழக்கம்போல முக்காலி மேல் ஏறி நின்று சமைத்துக்கொண்டிருந்தார். கதவருகே நின்று பார்த்தான் அண்ணன். அடுப்பு மேஜை அவன் கையால் செய்தது.

"இது மேல எப்பலேருந்து நிக்கிற?"

"கல்யாணம் ஆனதுலேருந்து. ஏன்?"

அவன் உள்ளே போய் ரம்பத்தை எடுத்து வந்தான்.

"அடுப்பை அணைச்சிட்டுக் கீழ இறங்கும்மா" என்றான்.