தோள் கொடுத்தவர்கள்

என் மாமனாரின் சிவப்புத் துண்டு முதலில் ஒற்றை மடிப்பாகத்தான் இருந்தது. மாதா திருவிழாவில் சப்பரம் தூக்கும்போது தோள் உரசாமல் இருக்கப் போட்டுக்கொள்வார். நான் மருமகளாக ஆவடிக்கு வந்த பிறகு, வருஷத்துக்கு வருஷம் அந்த மடிப்பு கூடிக்கொண்டே போனது. எண்பதுகளின் கடைசியில் அது ஒரு குட்டித் தலையணையாகவே ஆகிவிட்டது.

சப்பரத்தின் முன்பக்கம் தோள் கொடுக்கும் இருவரும் ஒரே உயரமாக இருக்க வேண்டும் என்பது எங்கள் கோயில் வழக்கம். இல்லாவிட்டால் பாரமெல்லாம் உயரமானவர் தலையில்தான் விடியும். மாமாவும் அவருடைய நண்பரான பஸ் டிரைவரும் வாலிபத்திலிருந்தே அந்த ஜோடி. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டி ஓய்வு பெற்ற மாமாவுக்கு, தனக்கென்று மிச்சமிருந்த ஒரே இடம் அதுதான்.

ஆனால் உடம்பு அவரைக் கேட்காமலே மாறிக்கொண்டிருந்தது. கையில் இருந்த சதையெல்லாம் வயிற்றுக்குக் குடிபோன மாதிரி, தோள் வற்றித் தொப்பை விழுந்தது. எலும்பு தேய்ந்து, முதுகு வளைந்து, ஆளே குள்ளமாகியிருந்தார். ஒப்புக்கொள்வாரா? பேன்ட் தரையில் புரண்டதற்குத் தையல்காரரைத் திட்டினார். தோளுக்கும் சப்பரக் கம்புக்கும் நடுவே இடைவெளி விழுந்ததும் சப்பரம் செய்த தச்சரிடமே சண்டைக்குப் போனார். "இன்னாய்யா, என் பக்கத்துக் கம்பை மட்டும் மேல ஏத்தி அடிச்சிகீற?" நாங்கள் சிரித்தோம். இன்று என் புடவைக் கொசுவம் தரையில் இழுபடும்போது நானும் கடைக்காரரைத்தான் சந்தேகப்படுகிறேன்.

இடைவெளியைத் துண்டால் அடைத்தார். துணி அமுங்கும், பாரம் தாங்காது என்று லேத் ஓட்டியவருக்குத் தெரியாதா? தெரிந்துகொள்ள மனமில்லை, பாவம்.

ஒரு திருவிழாவுக்கு மறுநாள் காலை, பலகாரத்தோடு மாமாவும் நானும் டிரைவர் வீட்டுக்குப் போனோம். அவர் சட்டையில்லாமல் உட்கார்ந்திருந்தார். வலது தோள் கன்றிச் சிவந்து வீங்கியிருந்தது. அவர் மனைவி உப்பு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு பேர் கனத்தை ஒருத்தரே தூக்கினா வேற இன்னா ஆவும்?" என்றார் அந்த அம்மா. டிரைவர் அவரை முறைத்தார்.

மாமா வெகுநேரம் அந்தத் தோளையே பார்த்தார். "எப்போலேர்ந்து தெரியும் உனக்கு?"

"நீ தச்சனாண்ட சண்டைக்குப் போனியே, அப்பவே."

"ஏன்டா சொல்லல?"

"சொன்னா நீ உட்டுட்டுப் போயிடுவ மச்சான்."

 

அடுத்த திருவிழாவுக்கு அவரே பங்குச் சாமியாரிடம் போய்த் தன் இடத்தை விட்டுக்கொடுத்தார். டிரைவரின் உயரத்துக்கே அளவெடுத்த மாதிரி ஒரு வாலிபனைப் பிடித்து நிறுத்தினார்கள். இனிமேல் டிரைவருக்குப் பாதிப் பாரம்தான். சப்பரம் எழுந்தது. மாமா பின்னால் மெழுகுவர்த்தியோடு, நிமிர்ந்து பார்க்காமல் நடந்தார்.

தெருமுனை தாண்டுவதற்குள் டிரைவர் தன் இடத்தை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் வந்தார். ஒரு மெழுகுவர்த்தியை வாங்கி மாமாவுடையதில் பற்றவைத்துக்கொண்டார்.

"அந்தப் பையனோட ஒயரம் எனக்கு ஒத்துவரல மச்சான்" என்றார்.